அம்மாவின் கைக்குத் தப்பிய புல்

நெல்லும் அதைப்போலவே இருக்கும் நெற்சப்பி என்ற களைப்புல்லும் இருபது நாள் பயிராக நிற்கும்போது வயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே கண் தடுமாறும். இலையை மெல்லக் கீழ்நோக்கி வளைத்து, அது தண்டோடு சேருகிற கழுத்தைப் பார்க்க வேண்டும். நெல்லென்றால் அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்குப்போல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காதுகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். நெற்சப்பிக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. கழுத்து வழவழவென்று மொட்டையாக இருக்கும்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் அம்மா. "நாக்கு இல்லாட்டி பிடுங்கு பிள்ளை" என்றார். அவ்வளவுதான் பாடம். பிறகு படித்த தாவரவியல் புத்தகங்களில் அந்த நாக்குக்கும் காதுக்கும் நீளமான பெயர்கள் இருந்தன. வயலில் குனிந்து நிற்கும்போது இன்றைக்கும் அம்மாவின் சொல்தான் எனக்கு வாயில் வருகிறது.

நான் கூர்ப்புச் சூழலியலில் ஆய்வு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. தமிழ்நாட்டில் பரிணாமம் என்பதை எங்கள் பாடப்புத்தகங்கள் கூர்ப்பு என்கின்றன. உயிர்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறுகின்றன, அவை வாழும் சூழல் அந்த மாற்றத்தை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்க்கிற துறை இது. ஊர்ப்பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்கிறார்கள்: எப்படி இதற்குள் வந்தீர்கள், என்ன வேலை செய்வீர்கள், நாங்களும் வரலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரு இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கம் எங்கள் ஊர். 2009-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. செட்டிகுளத்து முகாமில் இருந்துவிட்டு 2010-இல் திரும்பி வந்தபோது வயல் இருந்த நிலையை மட்டும் சொல்கிறேன். வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. இடுப்பளவு புல். மேட்டுப் பக்கமெல்லாம் நாயுண்ணிப் பற்றை. இரண்டு மாரிமழை போவதற்குள் ஒரு நிலம் இவ்வளவு மாறிவிடுமா என்று நான் பார்த்தபடியே நின்றது நினைவிருக்கிறது. அம்மாவும் மாமாவும் கத்தியும் மண்வெட்டியுமாக ஒரு மாதம் கிடந்து துப்புரவாக்கினார்கள். நெல் விதைத்த முதல் போகத்தில் நெல்லைவிடப் புல்தான் கூட முளைத்தது. "விதை மண்ணுக்குள்ள படுத்துக் கிடந்திருக்கு" என்றார் மாமா. விதையின் உறங்குநிலை என்று பிறகு நான் படித்தது இதைத்தான்.

உயர்தரத்தில் உயிரியல் எடுத்தேன். கூர்ப்பு ஒரு அலகு. கலாப்பகோஸ் தீவுக் குருவிகளின் சொண்டு, மான்செஸ்டர்ப் பக்கத்துப் புகையில் கறுத்த அந்துப்பூச்சி. பாடமாக்கி எழுதினேன், புள்ளியும் வந்தது. ஆனால் அதெல்லாம் கடலுக்கு அப்பால் எப்போதோ நடந்த சங்கதியாகத்தான் மனதில் இருந்தது. எங்கள் வாய்க்கால் கரையில் இன்றைக்கும் அது நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் மொழி மாறியது. பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை. ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம் போனது. அப்போது ஒரு கொப்பியில் கோடு போட்டு மூன்று நிரல்களாகப் பிரித்தேன். முதல் நிரலில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் பாடப்புத்தகத் தமிழ், மூன்றாவதில் ஊரில் வழங்கும் சொல். மூன்றாவது நிரல் ஆரம்பத்தில் அநேகமாக வெறுமையாகவே கிடந்தது. இப்போது களத்தில் எனக்குக் கைகொடுப்பது அந்த நிரல்தான். நெற்பயிர் அடியிலிருந்து கிளைப்பதை மட்டம் வெடிக்கிறது என்பார்கள். அந்தச் சொல் தெரியாமல் ஒரு கமக்காரரிடம் போய்க் கேள்வி கேட்டால் அவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார், பதில் வராது. இந்தக் கொப்பியை முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள் என்பது நான் எல்லாருக்கும் சொல்கிற முதல் விசயம்.

சரி, புல்லுக்கு வருகிறேன்.

2021 மே மாதம் இரசாயன உரம், கிருமிநாசினி, களைநாசினி எல்லாவற்றின் இறக்குமதியையும் அரசாங்கம் நிறுத்தியது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் எங்கள் பக்கம் காலபோக (மாரிமழைப் போக) விதைப்பு நடந்துகொண்டிருந்தது. கடையில் களைநாசினி இல்லை. இருந்த இடத்தில் விலை கிட்ட நெருங்க முடியாது. வருடக்கணக்காக மருந்தடித்தே பழகிய வயல்களில் பெண்கள் மறுபடி வரிசையாக இறங்கிக் கையால் களை எடுத்தார்கள். வன்னியில் நாற்று நடுவது குறைவு, வீசித்தான் விதைப்போம். அதனால் வரிசை என்று ஒன்று இருக்காது. நெல்லும் புல்லும் ஒன்றாக முளைத்து ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு தூரையும் கண்ணால் பார்த்துத்தான் பிடுங்க வேண்டும்.

கொரோனாவால் நான் வீட்டில் இருந்தேன். வாய்க்கால் கட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும், அதனால் காலையில் அங்கே நின்று விரிவுரை, பிறகு அம்மாவோடு கூலிக்குக் களை. ஒருநாள் இரண்டு வயல்களில் மாறி மாறி வேலை செய்தோம். ஒன்று, மருந்து மணமே ஒத்துக்கொள்ளாத ஒரு வயதான ஐயாவின் வயல். அவர் மீள்குடியேறிய நாளிலிருந்து கைக்களைதான் எடுப்பித்து வந்தவர். மற்றது, போகத்துக்குப் போகம் மருந்தடித்து வந்த வயல். மத்தியானம் வரம்பில் இருந்து சாப்பிடும்போது அம்மா சொன்னார்: "ஐயாவின்ர வயல் புல்லுத்தான் பிள்ளை கண்ணைக் கட்டுறது. இஞ்ச நிக்கிறது அடி சிவந்து, காலை அகட்டிக்கொண்டு நிக்குது. தூரத்திலயே தெரியும்." பக்கத்தில் இருந்த மாமியும் ஓமென்றார்.

நான் சோற்றுக்கையைக் கழுவிவிட்டு அதைக் கொப்பியில் எழுதினேன், திகதியும் போட்டு. ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. என் வாழ்க்கையில் செய்த மிகப் பயனுள்ள காரியங்களில் ஒன்று அது என்று இன்று சொல்லுவேன்.

பிறகு அந்தக் குறிப்பை ஒரு விரிவுரையாளருக்கு அனுப்பிக் கேட்டபோது, அவர் ஒரு பெயரை மட்டும் திருப்பி அனுப்பினார்: வவிலோவ். நிக்கொலாய் வவிலோவ், ரஷ்யத் தாவரவியலாளர், 1887-இல் பிறந்தவர். உலகமெல்லாம் சுற்றிப் பயிர்விதை சேர்த்தவர். கோதுமை வயல்களில் களையாக நின்ற ரை என்ற தானியம் எப்படிப் பயிரானது என்று அவர் யோசித்தார். உழவர்கள் கோதுமை விதையைத் தூற்றிப் புடைத்துச் சுத்தம் செய்வார்கள். கோதுமை மணியைப்போலப் பருத்து, கதிரிலிருந்து உதிராமல் நின்ற ரை மணிகள்தான் அந்தச் சுளகுக்குத் தப்பி அடுத்த விதைப்புக்குப் போய்ச் சேரும். தலைமுறைகள் போகப்போக ரை கோதுமையின் சாயலை எடுத்தது, குளிரும் மோசமான மண்ணும் உள்ள இடங்களில் கடைசியில் தானே பயிராகவும் ஆகிவிட்டது. களை பயிரைப்போல வேடம் போடுவதை இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். மக்களின் பசி தீர்க்க விதை சேர்த்த அந்த மனிதர் 1943-இல் ஸ்டாலின் ஆட்சியின் சிறையில் பட்டினியால் வாடிச் செத்தார். இதை வாசித்த அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

டார்வின் 1859-இல் எழுதிய நூல் வீட்டுப் பிராணிகளிலும் பயிர்களிலும் மனிதர் செய்யும் தேர்விலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே மனிதர் நல்லதென்று வைத்துக்கொண்டது பெருகுகிறது. நெற்சப்பியின் கதையில், மனிதர் காணத் தவறியது பெருகுகிறது. அம்மா அடி சிவந்ததைப் பிடுங்குவார், அகன்று நிற்பதைப் பிடுங்குவார். பச்சையாக, நெல்லைப்போல நிமிர்ந்து நிற்பது தப்பும். நெல் முற்றுவதற்கு முன்பே அது தன் விதையை மண்ணில் உதிர்த்துவிடும். அறுவடைக்குக் காத்திருப்பதில்லை. ஒரு தூரிலிருந்தே ஆயிரக்கணக்கில் விதை விழும். அந்த நிமிர்வும் பச்சையும் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குணங்களாக இருந்தால், அடுத்த போகத்தில் அம்மாவின் கண் இன்னும் கொஞ்சம் நோகும். இறங்காத குணமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. கேள்வி முழுக்க அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

சீனாவின் யாங்சே ஆற்றுப் பகுதியில் நெற்சப்பிகளின் மரபணுத் தொகுதியை வாசித்து 2019-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நெல்லைப்போல நிமிர்ந்து நிற்கும் வகைகள் அங்கே ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன் பிரிந்து பெருகின என்றும், தேர்வின் தடம் தெரியும் மரபணுக்களில் தண்டின் நிமிர்வோடு தொடர்புள்ள லேசி1 என்பதும் இருக்கிறது என்றும் அது காட்டியது. ஆயிரம் வருடமாகக் குனிந்து களை எடுத்தவர்களின் கண்ணும் கையும் ஒரு புல்லின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கும் இல்லை.

களைநாசினி வந்தபோது தேர்வு கண்ணிலிருந்து வேதியியலுக்கு மாறியது. புரொப்பனில் என்ற மருந்து நெல்லைக் கொல்லாது. அதைச் சிதைக்கும் நொதியம் ஒன்று நெல்லின் இலையில் தாராளமாக இருக்கிறது. வருடக்கணக்கில் அதையே அடித்த வயல்களில், அதே நொதியம் கூடுதலாக உள்ள நெற்சப்பிகள் தப்பிப் பெருகின. இப்படி எதிர்ப்பு உண்டான நெற்சப்பி பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது, இலங்கையிலும்தான். உருவத்தால் நெல்லாக நடித்த புல், இப்போது இலைக்குள்ளேயும் நெல்லாகிவிட்டது. ஊரில் இதைச் சொன்னபோது ஒரு அண்ணை, "அப்ப ஒரே மருந்தைத் திருப்பித் திருப்பி அடிக்கிற நாங்கள்தான் அதுக்குப் பள்ளிக்கூடம் நடத்திறம்" என்றார். இதைவிடத் தெளிவாக நான் எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை. அவருக்கு நான் சொன்ன பதில்: மருந்தை மாற்றி மாற்றிப் பாவியுங்கள், நாள் தவறாமல் தண்ணீர் கட்டுங்கள், நெல் வெட்டும் மெசின் அடுத்த வயலிலிருந்து வரும்போது கழுவிவிட்டு இறக்கச் சொல்லுங்கள். களை விதை அந்த மெசினில் ஏறியும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்.

சரி, அம்மா சொன்னது உண்மையா? ஐயாவின் வயல் புல் உண்மையிலேயே கூடுதலாக நெல்லைப்போல இருக்கிறதா, இருந்தாலும் அது கைக்களையால் வந்ததா? இரண்டு வயலின் மண் வேறு. ஒன்றில் தண்ணீர் அதிகம் நிற்கிறது. இரண்டும் ஒரே இனமான புல்தானா என்பதே கேள்வி, ஏனென்றால் நெற்சப்பி என்று ஊரில் அழைப்பது ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களை. போர்க்காலத்தில் எங்கள் ஊருக்கு மருந்து வருவதே அரிது, அப்போதெல்லாம் எல்லா வயலிலும் கைக்களைதான் என்று அம்மா சொல்வார். அப்படியென்றால் இரண்டு வயலும் பிரிந்து போனது மிக அண்மையில்தான். அதற்குள் இவ்வளவு வித்தியாசம் வருமா? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் என் தொழில்.

முறை எளிமையானது. இரண்டு வகை வயல்களிலிருந்தும் விதை எடுத்து, ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்க வேண்டும். அப்போதும் வித்தியாசம் நின்றால் அது பரம்பரையில் இருக்கிறது. மறைந்தால் அது மண்ணும் தண்ணீரும் செய்த வேலை. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. நல்ல மண்ணில் நின்ற தாய்ச்செடி கொழுத்த விதை போடும், கொழுத்த விதையிலிருந்து வரும் பிள்ளை முதல் மாதம் வாட்டசாட்டமாக நிற்கும். அது மரபணு அல்ல, தாயின் சாப்பாடு. ஆகவே ஒரு தலைமுறையைச் சும்மா வளர்த்து, அதன் விதையை எடுத்து, இரண்டாம் தலைமுறையில்தான் அளக்க வேண்டும்.

நான் செய்த முதல் பிழை இங்கேதான் நடந்தது. தை மாதம் பொறுக்கிய விதையை அடுத்த கிழமையே சாடியில் போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை. தண்ணீரை மாற்றினேன், மண்ணை மாற்றினேன், விதை செத்துப்போனது என்று நினைத்துப் பாதியைக் கொட்டினேன். புதிதாக உதிர்ந்த நெற்சப்பி விதை உடனே முளைக்காது, சில மாதம் உறங்க வேண்டும். 2010-இல் மாமா சொன்ன அதே உண்மை. அதைச் சொல்லிய வாயை நேரில் பார்த்திருந்தும் ஒரு போகத்தை இழந்தேன். இப்போது எந்த விதையை எடுத்தாலும் கொஞ்சத்தை முதலில் முளைக்கப் போட்டுச் சோதிக்கிறேன், மிச்சத்தைக் காய்ந்த இடத்தில் பத்திரமாக வைக்கிறேன். ஒருபோதும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் விதைக்காதீர்கள், ஒன்றையும் கொட்டாதீர்கள்.

இரண்டாவது பிழை எழுத்தில். பேனையால் பெயர் எழுதிய கடதாசி உறைகள், மார்கழி மழையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது நனைந்தன. வீட்டுக்கு வந்து திறந்தால் நீலக் கறைதான் இருந்தது. பதினொரு உறைகள் எந்த வயலுடையவை என்று தெரியாமல் போயின. அன்றிலிருந்து பென்சில்தான். உறைக்கு வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு துண்டில் இன்னொரு தடவை. அன்றிரவே கொப்பிப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துவிடுவேன். இது சின்ன விசயம்போலத் தெரியும். பெயர் தெரியாத விதையும் தெருவில் கிடக்கும் விதையும் ஒன்றுதான்.

மூன்றாவதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, எங்கள் பேராசிரியர் காட்டினார். ஒரு தாய்ச்செடியின் விதையிலிருந்து ஐந்து செடி வளர்த்து ஐந்தையும் தனித்தனித் தரவாகக் கணக்கில் சேர்த்திருந்தேன். அவை ஐந்தும் சகோதரங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரின் உயரத்தை அளந்துவிட்டு ஊரையே அளந்ததாகச் சொல்லலாமா என்று கேட்டார். அதுபோல ஒரு கைக்களை வயலையும் ஒரு மருந்து வயலையும் மட்டும் ஒப்பிட்டால், ஒவ்வொன்றிலும் நூறு செடி அளந்தாலும் நான் அறிவது அந்த இரண்டு வயல்களைப் பற்றித்தான். வயல்களைக் கூட்ட வேண்டும். அதனால்தான் ஒரு வருடம் முழுக்க ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வரை வயல் வயலாகப் போனேன். புள்ளிவிபரவியல் பயமாக இருக்கிறது என்று சொல்லும் தங்கச்சிமாருக்கு: ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளை இலவசமாக இறக்கலாம், கட்டளைகளை மெல்ல மெல்லப் பழகலாம். எது ஒரு தனித் தரவு என்ற கேள்வியை மட்டும் கணினிக்குப் போகும் முன்பே, வயலில் நிற்கும்போதே கேளுங்கள்.

அளவு எடுப்பது பள்ளிக்கூடப் பாகைமானியால். மட்டம், அதாவது அடியிலிருந்து கிளைத்த பக்கத் தண்டு, நடுத்தண்டிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிறோம். அடியின் நிறத்தை நிறஅட்டையோடு ஒப்பிட்டுக் குறிக்கிறோம். சாடியில் வயலின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் எந்த வயல் என்ற பட்டியல் இன்னொருவரிடம் பூட்டிக் கிடக்கிறது. அம்மா சொன்னது சரியாக வரவேண்டும் என்று என் மனம் ஆசைப்படுகிறது, ஆசைப்படும் மனம் பாகைமானியை இரண்டு பாகை சரித்துப் பிடிக்கும். முடிவை நான் இங்கே எழுதமாட்டேன். இரண்டாம் தலைமுறை இன்னும் சாடியில் நிற்கிறது.

வயலுக்குப் போவதைப் பற்றி. சொந்தக்காரரிடம் கேட்காமல் வரம்பில் கால் வைக்க வேண்டாம். வன்னியில் குறிப்புப் புத்தகமும் கையுமாகத் திரிபவரைப் பார்த்தால் மக்கள் கலவரப்படுவார்கள், அதற்குக் காரணமும் உண்டு. காணியை அளக்க வந்தவர்களோ என்று நினைப்பார்கள். நான் முதலில் கிராம சேவையாளரிடமும் கமக்காரர் அமைப்பிலும் சொல்லிவிட்டுத்தான் போவேன். பையைத் திறந்து காட்டுவேன். போகம் முடிந்த பிறகு திரும்பிப் போய் உங்கள் வயலில் இதைக் கண்டேன் என்று சொல்லிவிட்டு வருவேன். திரும்பிப் போவதுதான் முக்கியம். எடுத்துக்கொண்டு போனவர்கள் மறுபடி வந்ததில்லை என்ற சொல்லை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

காட்டோரம் போனால் மிதித்த பாதையை விட்டு இறங்காதீர்கள். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இன்னும் சில இடங்களில் நிற்கிறது. பலகை இல்லாத இடத்தைப் பற்றியும் ஊரவரிடம் கேளுங்கள். அறுவடைக் காலத்தில் வரம்பிலும் வைக்கோலிலும் புடையன் பாம்பு கிடக்கும், முழங்கால்வரை சப்பாத்து போடாமல் நான் இறங்குவதில்லை. மாரியில் எலிக்காய்ச்சல் இன்னொரு பயம். வயலில் வேலை செய்பவர்களுக்கு முன்தடுப்பு மாத்திரையைச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் பெறலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். யானை வரும் பக்கமென்றால் நான்கு மணிக்கு மேல் நிற்பதில்லை. பெண்பிள்ளைகள் தனியே போவதைப் பற்றி வீட்டில் சண்டை வரும். எனக்கும் வந்தது. நான் அம்மாவையே கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். பிறகு பார்த்தால் நான் ஒரு மணித்தியாலத்தில் கேட்டு அறிவதை அம்மா வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்து பத்து நிமிடத்தில் கேட்டுவிடுகிறார்.

அனுமதிப் பத்திரங்கள் தனிக் கதை. வயல் புல்லுக்குச் சொந்தக்காரரின் சம்மதம் போதும்போலத் தோன்றும், ஆனால் சரணாலயம், தேசிய வனம், ஒதுக்குக் காடு என்றால் வனஜீவராசிகள் திணைக்களமோ வனத் திணைக்களமோ எழுத்தில் தர வேண்டும். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015-இல் தேசிய வனங்களாக அறிவிக்கப்பட்டவை. எல்லை எங்கே ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டே போங்கள். வெளிநாட்டில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இலையையோ விதையையோ அனுமதி இல்லாமல் தபாலில் போட்டு அனுப்பாதீர்கள். அனுமதி கிடைக்கப் பல மாதங்கள் பிடிக்கும். அதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் கேள்வி. மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது உங்கள் பின்னணி என்ன, ஆர்வம் என்ன என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். நான் முதலில் எழுதியதை இன்றும் வைத்திருக்கிறேன். சிறுவயது முதலே இயற்கையை நேசித்தேன், உயிர்ப்பல்வகைமையில் ஆழ்ந்த ஆர்வம் உண்டு என்று இருக்கும். யார் பெயரை மேலே போட்டாலும் பொருந்தும். ஆறு இடத்துக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் வரவில்லை. ஏழாவது தடவை, வரம்பில் இருந்து சாப்பிட்ட அந்த மத்தியானத்தை எழுதினேன். எந்தத் திகதி, அம்மா என்ன சொன்னார், அதற்கு என்னென்ன விளக்கம் இருக்கக்கூடும், எதை எப்படிச் சோதிப்பேன், எனக்கு எது இன்னும் செய்யத் தெரியாது. இரண்டு நாளில் பதில் வந்தது. வன்னியில் வளர்ந்த பிள்ளைகளிடம் இப்படி ஒரு மத்தியானமாவது இருக்கும். குளத்தில் யப்பான் மீன் (திலாப்பியா) வந்த பிறகு எந்த மீன் குறைந்தது என்று அப்பப்பா சொல்லியிருப்பார். முசுறு எறும்பு எந்த மரத்தில் கூடு கட்டாது என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும். பாலைப்பழம் காய்த்த வருடம் குரங்கு ஊருக்குள் வராத கதையை யாராவது சொல்லியிருப்பார்கள். அதைத் திகதி போட்டு எழுதி வையுங்கள். அதற்குள் ஒரு கேள்வியைத் தேடுங்கள்.

இப்போது எங்கள் குழு அடுத்த கட்டத்துக்கு ஆயத்தம் செய்கிறது. களை எடுத்துப் பழகிய பெண்களை அழைத்து, நெல்லும் நெற்சப்பியும் கலந்து வளர்த்த தட்டுகளை வைத்து, வயலில் செய்வதுபோலவே பிடுங்கச் சொல்லப் போகிறோம். எதைப் பிடுங்குகிறார்கள், எது தப்புகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மனிதரை வைத்துச் செய்வதால் அறநெறிக் குழுவின் அனுமதி கேட்டிருக்கிறோம். அவர்களின் அரை நாள் கூலியையும் திட்டச் செலவில் சேர்த்திருக்கிறோம். அம்மாவை அதில் சேர்க்க முடியாது. கேள்வி என்னவென்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆனாலும் போன கிழமை, தட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, அவரையே ஒரு தடவை செய்யச் சொன்னேன். வலைக்கூடத்துக்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார். கை ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நிற்காமல் பிடுங்கிப் பிடுங்கி இடது கையில் சேர்த்தார். ஒரு தூரின் முன் கை ஒரு கணம் நின்றது. இலையைத் தொட்டார், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். "முடிஞ்சுது பிள்ளை" என்று நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தார்.

அவர் தேத்தண்ணி வைக்கப் போன பிறகு அந்தத் தூருக்குப் பக்கத்தில் குந்தினேன். பச்சை அடி, நேரான தண்டு. இலையை மெல்லக் கீழே வளைத்துக் கழுத்தைப் பார்த்தேன். நாக்கு இல்லை. கொப்பியை எடுத்து இலக்கத்தைப் பென்சிலால் எழுதினேன்: 41, தப்பியது.